பதினேழு நாளில் இரண்டு தைராய்டு டெஸ்ட்

கேள்வி: எனக்கு வயது 43. நத்தம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக்காரருக்கு ஒன்பது வருடமாகச் சுகர். இரண்டு பேரும் மதுரையில் ஒரு ஹார்மோன் ஸ்பெஷலிஸ்டிடம் காட்டுகிறோம். ஒரு தடவை போய்வந்தால் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, பஸ், சாப்பாடு என்று ஆறாயிரம் ரூபாய் போய்விடுகிறது. அன்றைக்குக் கடையும் மூடல். இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆனால் இதற்கெல்லாம் தர மாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். தெரிந்தவர் ஒருவர், ‘ஒரு நாள் அட்மிட் ஆகி எல்லா டெஸ்ட்டையும் எடுத்துவிடுங்கள், க்ளெய்ம் வாங்கிவிடலாம்’ என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையே வேண்டாம், கொத்தமல்லித் தண்ணீர் குடி என்கிறார். கட்டுப்படி ஆகவில்லை டாக்டர். ஸ்பெஷலிஸ்டை விட்டுவிட்டு உள்ளூர் டாக்டரிடமே பார்த்துக்கொள்ளலாமா? ரிப்போர்ட், மருந்துச் சீட்டு நகல்களை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நகல்களைத் தேதி வாரியாக மேஜையில் அடுக்கிப் பார்த்தேன். பதினொரு மாதத்தில் உங்களுக்கு ஆறு முறை ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மார்ச் 4-ஆம் தேதி டி.எஸ்.எச். 9.2. மாத்திரையை 50-லிருந்து 75 மைக்ரோகிராமாக ஏற்றியிருக்கிறார்கள். மார்ச் 21-ஆம் தேதி மறுபடியும் டெஸ்ட், 7.8. ‘இன்னும் இறங்கவில்லை’ என்று 100 ஆக்கியிருக்கிறார்கள். மே மாதம் பார்த்தால் 0.2, அதாவது மருந்து அதிகம். படபடப்பு, தூக்கமில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும் அந்த மாதம்தான். திரும்பவும் 75, திரும்பவும் டெஸ்ட்.

உங்கள் செலவில் பெரும்பகுதி அந்தப் பதினேழு நாளில்தான் தொடங்கியது. தைராக்சின் மெதுவான மருந்து. உடலில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த அளவைப் பார்த்து டி.எஸ்.எச்.சை ஏற்றி இறக்குவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது சட்டென்று மனசு மாறாது. புது டோஸ் போட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அதற்கு முன்னால் எடுப்பது, அடுப்பில் வைத்த பருப்பை நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்க்கிற கதைதான். வேகவும் வேகாது, கேஸும் போகும். அதிலும் நடுவில் டோஸை வேறு மாற்றினால், எந்த மாற்றத்துக்கு எது பலன் என்று யாருக்கும் தெரியாது.

சரி, நாலு வருடம் ஒழுங்காக இருந்தது மார்ச்சில் ஏன் 9.2 ஆனது? விடை உங்கள் பில்லிலேயே இருக்கிறது. ஜனவரியில் முழங்கால் வலிக்கு வேறொரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார். மறந்துவிடக்கூடாது என்று தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே காலையில் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். காபி, டீ எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியத்தை இரவுச் சாப்பாட்டோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மாற்றியதை உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இப்போது சாப்பிடும் 75 அப்போது அதிகமாகிவிடலாம். ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு டி.எஸ்.எச். போதும்.

அந்த ‘ஒரே ஒரு’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் ஆறு முறையும் டி3, டி4, ஃப்ரீ டி3, ஃப்ரீ டி4, நான்கு முறை ஆன்டி டி.பி.ஓ. இருக்கின்றன. ஆன்டி டி.பி.ஓ. என்பது நோயின் காரணத்தைச் சொல்லும் டெஸ்ட். ஒரு தடவை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் வாழ்நாளுக்கு அது போதும். டோஸ் சரியா என்று பார்க்க, உங்களைப் போன்ற சாதாரண தைராய்டு குறைபாட்டுக்கு, டி.எஸ்.எச். மட்டும் போதும். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் பழக்கதோஷத்தில் ‘ஃபுல் ப்ரொஃபைல்’ என்று எழுதிக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் ஒரு பெரியவர், ‘இதில் எந்த எண்ணைப் பார்த்து மாத்திரையை மாற்றினீர்கள்?’ என்று கேட்டார். பதில் சொல்ல ஒரு எண்தான் இருந்தது. நீங்களும் அதைக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்காரர் சீட்டில் வேறு கதை. சர்க்கரைக்கு அவர் சாப்பிடும் எம்பாகிளிஃப்ளோசின் நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்தே பலன் தருவது. ஆனால் 2024-இல் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டியே அவர் இன்றுவரை அதே பிராண்டை வாங்குகிறார். அப்போது மாத்திரை ஒன்று அறுபது ரூபாயை ஒட்டி விற்றது. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தது. உடனே பல இந்திய கம்பெனிகள் அதே மருந்தைப் பத்து ரூபாயை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கொண்டுவந்துவிட்டன. மாதம் 1,800 ரூபாய் போகிற இடத்தில் 300 ரூபாயில் முடியும் விஷயம். மெடிக்கல் ஷாப்காரர் தானாகச் சொல்லமாட்டார், சீட்டில் இருக்கிற பெயரைத்தான் கொடுப்பார். அடுத்த தடவை மருந்தின் பெயரிலேயே புதுச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு மாதிரியான பழைய மருந்துகளை மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள்.

இதே கணக்கைத் தைராய்டு மாத்திரைக்குப் போடாதீர்கள். அது ஏற்கெனவே மலிவு. அங்கே கம்பெனியை மாற்றி மாற்றி வாங்கினால் அளவு லேசாகப் பிசகும், அதைச் சரிபார்க்க இன்னொரு டெஸ்ட் வரும். ஒரே பிராண்டில் நில்லுங்கள்.

ஸ்பெஷலிஸ்டை விடலாமா என்று கேட்டீர்கள். உங்களைப் பொறுத்தவரை, டோஸ் நிலைபட்டபின் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு டி.எஸ்.எச். எடுத்து உள்ளூர் எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் காட்டினாலே போதும். ஸ்பெஷலிஸ்ட் எதற்கு என்றால் முடிவெடுக்க: நோய் என்னவென்று புரியாதபோது, மருந்து போட்டும் எண் அடங்காதபோது. கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும், டோஸ் அநேகமாகக் கூடும். கழுத்தில் கட்டி வளர்ந்தாலும் காத்திருக்கக்கூடாது. வீட்டுக்காரருக்கு ஹெச்.பி.ஏ1சி 8.1 என்று இருக்கிறது. அவர் இன்னும் விடுபட முடியாது. ஆனாலும் அந்த டெஸ்ட் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுளே ஏறக்குறைய 120 நாள்தான். மாதாமாதம் எடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் காசில் வருடத்துக்கொரு தடவை கண் விழித்திரையையும் பாதத்தையும் சிறுநீரில் ஆல்புமினையும் பார்த்துவிடுங்கள். உங்கள் நகல்களில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ரிப்போர்ட்டைக் காட்ட மட்டும் பஸ் ஏற வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் நெறிமுறைப்படி, ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு வீடியோவிலோ போனிலோ ஆலோசனை சொல்லி, அதே மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம். ஃபீஸ் வாங்குவார்கள், வாங்கட்டும். கடை திறந்திருக்குமே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சுகர் ஓ.பி.யையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். 1948-இலேயே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கியவர் பேராசிரியர் எம்.விஸ்வநாதன். வரிசையில் நிற்க வேண்டும், அதுதான் விலை. டோஸ் மாற்றம் இல்லாத மாதங்களில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகச் சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஏஜென்ட் சொன்னது சரி. சாதாரண பாலிசி அட்மிஷனுக்குத்தான், ஓ.பி.க்கு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் உங்கள் ஃபீஸுக்கோ லேப் பில்லுக்கோ உதவாது. ‘ஒரு நாள் அட்மிட்’ யோசனை வேண்டவே வேண்டாம். டெஸ்ட் எடுப்பதற்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே நிலையான விதிவிலக்காக அச்சடித்திருக்கும். க்ளெய்ம் மறுக்கப்பட்டு, அறை வாடகையும் உங்கள் தலையில் விழும். பாலிசி எடுக்கும்போது சுகர், தைராய்டு இரண்டையும் எழுதினீர்களா என்று மட்டும் இப்போதே எடுத்துப் பாருங்கள். மறைத்திருந்தால் நாளைக்கு நிஜமான அட்மிஷனில் கைவிரித்துவிடுவார்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-லிருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான், அதனால் மறைத்து லாபமும் இல்லை.

கொத்தமல்லித் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து.