உறுப்பினாற் கலமறிதல்

அழிந்துபோன கலமொன்றின் சரித்திரத்தை, அதன் எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு அறிவது ஒரு நுண்ணிய ஆராய்ச்சியாகும். கிளைடர் என்னும் இயந்திரமற்ற பழைய விமானமாயினும், கடலில் ஓடிய மரக்கலமாயினும் முறை ஒன்றே. விமானமாயின், செய்தோர் அதன் சட்டத்திற் பொறித்த எண்களைத் தேடுவர். மரக்கலமாயின், மணி, நங்கூரம், சரக்கு, பலகை, ஆணி என்பவற்றை நோக்குவர். முத்துச் சலாபத்திற்கும் சங்கு குளிப்பிற்கும் பேர்பெற்ற தூத்துக்குடிக் கரையை அடுத்து வாழும் நமக்கு, மரக்கல ஆராய்ச்சியே அண்மையது.

கிடைத்த உறுப்பை நோக்கி நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. அது எங்கே, எப்பொழுது செய்யப்பட்டது? எந்தக் கலம் அதனைச் சுமந்தது? கிடைத்த இடத்திற்கு அது எவ்வாறு வந்தது? ஒன்றற்குக் கிடைத்த விடையை மற்றொன்றற்கும் விடையாகக் கொள்வதே இத்துறையில் நிகழும் பெரும் பிழை. இதனை மூன்று உதாரணங்களால் விளக்குவோம்.

முதலாவது, நியூசிலாந்து தேசத்திற் கிடைத்த தமிழ் மணி. வில்லியம் கொலென்சோ என்பவர் 1834ஆம் ஆண்டு அத்தேசம் சென்று, அச்சுத்தொழில் நடத்திய மிஷன் ஊழியர். அவர் ஏறத்தாழ 1836ஆம் ஆண்டில், வட பகுதியிலுள்ள வங்காரே என்னுமிடத்தருகே, மாவோரி மாதர் உடைந்த வெண்கலப் பாத்திரமொன்றிற் கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது கவிழ்த்த மணியென உணர்ந்து, ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதனைப் பெற்றார். புயலில் வீழ்ந்த மரமொன்றின் வேரடியில் அது கிடைத்ததாக அம்மக்கள் கூறினர் என்பர். அவர் 1899ஆம் ஆண்டு காலமான பின்னர் அம்மணி பொருட்காட்சிச் சாலைக்கு உரியதாயிற்று. இன்று வெலிங்டன் நகரத்து தே பாப்பா பொருட்காட்சிச் சாலையில் உளது. அதன்மீதுள்ள தமிழெழுத்து, ‘முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ எனப் படிக்கப்பட்டுள்ளது.

முதற் கேள்விக்கு விடை ஓரளவே கிடைக்கின்றது. எழுத்தும் மொழியும் தமிழ். பெயர் இஸ்லாமியப் பெயர். ஆதலின், கடல் வாணிகத்திற் சிறந்த தமிழ் முஸ்லிம்களை நினைப்பது இயல்பே. காலமோ அத்துணைத் தெளிவன்று. சிலர் ஏறத்தாழ 500 ஆண்டுப் பழமை கூறினர். வேறு சிலர் அதனினும் பிற்பட்டதென்பர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திற் காட்டும் வழக்கம் வீரமாமுனிவர் காலத்திற்குப் பின் பரவியது. அவ்வெழுத்துகள் வருமாயின் காலங்காண ஒரு துணையாகும். மேற்குறித்த வாசகத்திலோ எகரமும் இல்லை, ஒகரமும் இல்லை!

இரண்டாம் கேள்விக்கு வாசகமே விடை தருவதாகத் தோன்றும். ஆயினும் முகைய்யதீன் வக்குசு என்பது உடையவர் பெயரோ, கலத்தின் பெயரோ என்பதில் இருவேறு கருத்துகள் உள. மூன்றாம் கேள்விக்கோ மணி வாய் திறப்பதேயில்லை. தமிழ்க்கப்பல் அத்தேசத்தை அடைந்திருக்கலாம். மாலுமிகளை இழந்த கலம் அலைகளால் ஒதுக்கப்பட்டிருக்கலாம். வேறு கப்பலார் விலைக்கு வாங்கிய மணி அவருடன் சென்றிருக்கலாம். தமிழர் நியூசிலாந்து கண்டனர் என்று இம்மணி ஒன்றையே கொண்டு முடிவுகட்டுவோர், முதற் கேள்வியின் விடையை மூன்றாவதற்கு இடுகின்றனர். தமிழ்ப்பற்று நல்லதே, எனினும் சான்று சொல்லாததை அதன் வாயிற் புகுத்துதல் தமிழுக்குப் பெருமையாகாது.

இரண்டாவது உதாரணம் நம் சோழமண்டலக் கரையிலேயே உளது. பூம்புகாருக்கு அப்பால், ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக்கிடந்த கப்பலொன்றைத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அங்கே எடுத்த ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்னும் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் குடும்பத்தார் வட இங்கிலாந்தில் ஈயத்தொழில் நடத்தியோர். இதனால் உறுதியாவது யாது? அக்கப்பல் 1792ஆம் ஆண்டுக்கு முன் மூழ்கியிருக்க இயலாது என்பதே. அவ்வாண்டிலேயே மூழ்கிற்று என்பது உறுதியன்று. ஈயம் ஆங்கிலேயருடையதாதலின் கப்பலும் அவருடையதே என்பதும் உறுதியன்று. சரக்கின் நாடு வேறு, கலத்தின் நாடு வேறாதல் கூடும்.

மூன்றாவது, இலங்கையின் தென்கரையிலுள்ள கொடவாய. அங்கே 2003ஆம் ஆண்டு, சங்கு குளிப்போர் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் பழங்கலமொன்றின் சிதைவுகளைக் கண்டனர். கண்ணாடிக் கட்டிகளும், உலோகக் கட்டிகளும், மட்கலங்களும், மீன் முதலிய குறிகள் செதுக்கிய அரைகல்லும் வெளிப்பட்டன. பெயரும் ஆண்டும் எவற்றினும் இல்லை. ஆயினும் மரத்தின் கரியைச் சோதித்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென மதித்தனர். இந்து மகா சமுத்திரத்தில் அறியப்பட்ட மூழ்கிய கலங்களுள் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. எழுத்துடைய மணி சொல்லாததை எழுத்தில்லாக் கல் சொல்லியதற்குக் காரணம் யாது? மணி தனித்துக் கிடைத்தது. கல்லோ தன் கூட்டத்தோடு, கிடந்த இடத்திலேயே காணப்பட்டது. பொருளினும் பொருள் கிடந்த நிலையே பெருஞ்சான்று.

இனி, தூத்துக்குடித் துறைக்கு வருவோம். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906ஆம் ஆண்டு தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் காலியா, லாவோ என்னும் கப்பல்களைப் பத்திரிகைகளும் சர்க்கார் ஏடுகளும் குறித்துவைத்தன. பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சென்ற தோணிகளுக்கோ அத்தகைய ஏடுகள் அரிய. ஓடாவிகள் வழிவழி வந்த கணக்கை மனத்திற்கொண்டு அவற்றைக் கட்டினர். தண்டல்கள் அனுபவத்தால் ஓட்டினர். ஆதலின் தோணியின் உறுப்புகளே அதன் ஏடுகளாம். ஒரு பலகையில் இருவரிசை ஆணித்துளைகள் இருப்பின், அது ஒருமுறை கழற்றி மீண்டும் தைக்கப்பட்டதென ஊகிக்கலாம். ஏராவும் வங்கும் வெவ்வேறு மரமாயின், எம்மரத்தை எவ்வுறுப்பிற்குத் தேர்ந்தனர் என்பது விளங்கும். கலப்பற்றுப் பஞ்சு பழுதுபார்த்த முறையைக் காட்டும். தோணி கலைக்கப்படும்பொழுது நன்மரம் வேறு வேலைக்குப் போகும். ஆணி பழைய இரும்பாக விலைபோகும். எழுதப்படாத சரித்திரமும் அவற்றோடு போய்விடும்.

ஆதலின் மாணவர் செய்யத்தக்கவை சில உள. பழைய உறுப்பொன்றைக் கண்டால் பெயர்த்தெடுக்க விரையாதீர். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் உடன்கிடந்த பொருள்களையும் முதலிற் குறித்து, அளந்து வரைந்துகொள்ளுங்கள். கடலடியில் நெடுங்காலம் ஊறிய மரத்தை வெயிலில் உலர்த்தினால் சுருங்கி வெடிக்கும், இரும்பும் உதிரும். ஆகவே அறிந்தோர் வருமளவும் அவை நீரிலேயே இருத்தல் நலம். கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் குறிவைத்துக் கடலிற் பாரிருக்குமிடம் சொல்லும் பரதவ முதியோரையும், தோணி கட்டிய ஓடாவிகளையும் வணக்கத்துடன் அணுகிக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வோர் உறுப்பிற்கும் அவர்கள் வழங்கும் பெயரையும் அவ்வாறே எழுதுங்கள். கொடவாயக் கலத்தை முதலிற் கண்டவர் புலவரல்லர், குளியாளரே என்பதை மறவாதிருங்கள்.

அறிந்ததை அறிந்த அளவிற் சொல்லி, எஞ்சியதைப் பின்வருவோர்க்கு விட்டுவைப்பதே உண்மை ஆராய்ச்சி. ஒரு பலகையைச் செம்மையாகக் குறித்துவைக்கும் மாணவர், நம் துறைமுகத்தின் சரித்திரத்தில் ஓர் ஏட்டைக் காத்தவராவர்.