ஊரறியச் சொல்லுதல்

நுழையும்முன்
ஒரு செய்தி வெளியாவது வேறு; அது உரியவரிடம் உரிய நேரத்தில் சென்று சேர்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதே உள்ளாட்சியின் செய்தித்தொடர்புக் கடமையாகும்.

கல்லிலிருந்து கைப்பேசிக்கு
ஊராட்சியின் முடிவுகளை மக்கள் அறியச் செய்யும் வழக்கம் நமக்குப் புதியதன்று. 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையின் விதிகள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டன. படிக்க இயலாதோருக்குச் செய்திகளைத் தண்டோரா அறிவித்தது. ஆயினும், பறையறைந்து அறிவிக்கும் அப்பணி ஒரு சமூகத்தார் மீதே சுமத்தப்பட்டிருந்தது. ஒலிபெருக்கி பொருத்திய ஊர்திகள் வந்துவிட்ட நிலையில் தண்டோரா முறையைக் கைவிடுமாறு 2022இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. செய்தி சொல்லும் முறையிலும் மனித மாண்பு காக்கப்பட வேண்டும் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

இன்று மாவட்ட நிருவாகமும் விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகராட்சிகளும் சமூக ஊடகங்கள் வழியாகவும் மக்களிடம் பேச முடிகிறது. குடிநீர் நிறுத்தம், மருத்துவ முகாம், வரி செலுத்தும் நாள் ஆகியவற்றை நொடிப்பொழுதில் பரப்பலாம். மக்களும் உடைந்த குழாயைப் படமெடுத்து அனுப்பலாம். ஒருவழிப் பாதையாக இருந்த அறிவிப்பு, இருவழி உரையாடலாக மாறியுள்ளது.

வெள்ளம் கற்பித்த பாடம்
2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தின் ஆற்றங்கரை ஊர்கள் பல நீரில் மூழ்கின. ஐந்து முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டதாக அரசு தெரிவித்தது; போதிய முன்னறிவிப்பு இல்லை என்று எதிர்க்கட்சிகள் குறைகூறின.

இவ்விவாதத்தைக் கடந்து நாம் சிந்திக்க வேண்டிய வினா ஒன்று உண்டு. ‘1.68 இலட்சம் கன அடி’ என்னும் தொடர் பொறியாளருக்குப் பொருள் தரும். ஆற்றங்கரையில் உறங்கும் குடும்பத்திற்கு அது என்ன சொல்லும்? தண்ணீர் தம் தெருவுக்கு எப்போது வரும், எந்தப் பள்ளிக்குச் செல்ல வேண்டும், முதியோரை அழைத்துச் செல்ல ஊர்தி எங்கே நிற்கும் என்பனவே அவர்களுக்குத் தேவையான செய்திகள். எண்ணைச் செயலாக மொழிபெயர்ப்பது, ஊரின் மேடுபள்ளம் அறிந்த உள்ளாட்சிக்கே எளிதாகும்.

மின்சாரம் தடைப்பட்டால் கைப்பேசியும் ஓய்ந்துவிடும். கைப்பேசி இல்லாதோரும் படிக்க இயலாதோரும் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். எனவே, சமூக ஊடகம் பிற வழிகளுக்குத் துணையாகலாம், மாற்றாகாது. ஒலிபெருக்கி, அறிவிப்புப் பலகை, வீடுதோறும் செல்லும் பணியாளர் ஆகிய அனைத்தும் ஒன்றிணைய வேண்டும்.

சட்டமும் கடமையும்
தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, அரசு அமைப்புகள் மக்கள் கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. அவை உள்ளூர் மொழியில், அவ்விடத்துக்கு மிகவும் பயன்தரும் வழியில் அமைவதையும் அச்சட்டம் வலியுறுத்துகிறது. அறிவிப்புப் பலகையையும் இணையத்தையும் அது ஒருங்கே குறிப்பிடுவது எண்ணத்தக்கது.

வதந்தியும் இதே ஊடகத்தில்தான் விரைகிறது. அணை உடைந்தது என்னும் பொய்ச்செய்தி பரவினால் ஊரே அஞ்சி ஓடும். அலுவலகம் மௌனமாக இருக்கும் இடத்தை வதந்தி நிரப்பிவிடும். ஆகவே, நாளும் நேரமும் குறித்த அதிகாரப்பூர்வ அறிவிப்பு இடைவிடாது வெளிவர வேண்டும். பெறுவோரும் உறுதிசெய்யாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருத்தல் குடிமைப் பண்பாகும்.

நாள்தோறும் நம்பத்தக்க செய்தி தரும் உள்ளாட்சியின் சொல்லையே, பேரிடர் நாளில் மக்கள் கேட்டு நடப்பர். அந்த நம்பிக்கையை வெள்ளம் வந்தபின் உருவாக்க இயலாது.

தெரிந்து தெளிவோம்
தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊருக்கான வெள்ள எச்சரிக்கை ஒன்றை ஐந்து எளிய தொடர்களில் எழுதுக.
2. கைப்பேசி இல்லாத ஒருவருக்கு அச்செய்தி எவ்வாறு சென்று சேரும் என்பதைக் குழுவில் கலந்துரையாடுக.