குழந்தைக்கு வலிப்பா? முதலில் மணியைப் பாருங்க!

போன வருடம் என் அக்கா பையனுக்குக் காய்ச்சலோடு ஃபிட்ஸ் வந்தது. அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். மாமா கரண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நிமிஷம் இருந்துச்சு?" யாருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் அங்கே நின்ற எல்லோர் கையிலும் போன் இருந்தது.

அதனால் வலிப்பு ஆரம்பித்ததுமே போனில் மணியைப் பாருங்கள். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, தண்ணீர், காய்ச்சல் சிரப் எதுவும் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சாவி கொடுத்தால் நிற்கும் என்பார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து கையில் சாவி இருந்ததால், பெயர் சாவிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

5 நிமிடம் தாண்டினால் கதை வேறு. வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைகிறது. மருந்து கேட்பதும் குறைகிறது. மிடாசோலம், டயாசெபாம், லோராசெபாம் போன்ற மருந்துகள், மூளையின் நரம்பு செல்களை அடக்கும் 'காபா' ஏற்பிகள் வழியாக வேலை செய்பவை. வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடுகின்றன. முதல் சில நிமிடங்களில் கேட்கும் மருந்து, அரை மணி நேரம் கழித்து அதே மாதிரி கேட்பதில்லை.

இதற்காகத்தான் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் அல்ல. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு, முன்பு நீண்ட நேரம் வலிப்பு வந்தவர்களுக்கு. வழக்கமான கணக்கு, ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 2 மில்லிகிராம். ஒரு ஸ்ப்ரேயில் 0.5 மில்லிகிராம் வரும் பாட்டில் என்றால் நான்கு ஸ்ப்ரே, துவாரத்துக்கு இரண்டு. ஆனால் எல்லா பாட்டிலும் ஒரே அளவு இருக்காது. இந்தக் கணக்கை நீங்களே போடாதீர்கள். 'இத்தனை ஸ்ப்ரே' என்று சீட்டில் எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். எடை ஏற ஏற அளவும் மாறும், ஒவ்வொரு செக்கப்பிலும் கேளுங்கள். பாட்டிலில் காலாவதி தேதியையும் பாருங்கள்.

ஸ்ப்ரே அடித்த பிறகு குழந்தை அசந்து தூங்கும். பக்கத்திலேயே இருந்து மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். நிற்கவில்லையே என்ற பதற்றத்தில் சீட்டில் இல்லாத அடுத்த டோஸைக் கொடுத்தால் மூச்சு மந்தமாகிவிடலாம்.

5 நிமிடம் ஆகிவிட்டால் 108-ஐ அழையுங்கள். வீட்டில் ஸ்ப்ரே இல்லை என்றால் அதுதான் ஒரே வழி. முதல்முறை வலிப்பு, 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தை, உதடு நீலமாவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வருவது என்றால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டால் கை குழந்தையிடமே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பார்கள், நரம்பு வழியாக லோராசெபாம் கொடுப்பார்கள். அதற்கும் நிற்காவிட்டால் லெவெடிரசெட்டாம், ஃபாஸ்ஃபெனிட்டோயின், வால்ப்ரோயேட் போன்றவற்றில் ஒன்று. 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இந்த மூன்றுமே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கைகொடுத்தன.

போனதும் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: வலிப்பு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ஸ்ப்ரே எப்போது, எத்தனை அடித்தீர்கள். வீட்டில் கொடுத்த டோஸையும் சேர்த்துத்தான் டாக்டர் அடுத்ததை முடிவு செய்வார். வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கை இழுத்தது வலது பக்கமா, இடது பக்கமா என்று நமக்கு அப்புறம் ஞாபகம் வராது.