க்னூகேஷ்: இல்லாத பட்டனுக்கு என்ன வழி?

மாசக் கடைசியில "காசு எங்க போச்சு?"ன்னு யோசிக்கிற எல்லாருக்குமான பாடம் இது. க்னூகேஷ் ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் கணக்கு மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். இது இரட்டைப் பதிவு முறையில வேலை செய்யுது. அதாவது பணம் ஒரு கணக்குல இருந்து கிளம்பினா இன்னொரு கணக்குல போய்ச் சேர்ந்தே ஆகணும். சேரலைன்னா, 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்'னு ஒரு கணக்கை அதுவே உருவாக்கி மிச்சத்தை அங்க போட்டுடும். அந்தக் கணக்குல ஏதாவது தொகை நின்னா, ஏதோ ஒரு பதிவு முடியலைன்னு அர்த்தம்.

முதல்ல ரெண்டு செட்டிங்ஸ். எடிட் மெனுல ப்ரிஃபரன்சஸ் திறங்க.

1. அக்கவுண்டிங் பீரியட்: வழக்கமா இது ஜனவரி 1-ல தொடங்கும். நமக்குத் தேவை செமஸ்டர் கணக்கு. 'அப்சல்யூட்' தேர்ந்தெடுத்து செமஸ்டர் தொடங்கின தேதியைக் கொடுங்க. வரவு செலவு அறிக்கை அந்தத் தேதியில இருந்து வரும். அடுத்த செமஸ்டருக்கு நாமதான் கையால மாத்தணும்.

2. ஃபார்மல் அக்கவுண்டிங் லேபிள்ஸ்: இதை டிக் பண்ணாதீங்க. பண்ணினா எல்லா இடத்துலயும் டெபிட், கிரெடிட்னு வரும். நம்ம கணக்குல பணம் விழுந்தா பேங்க் அதை கிரெடிட்னு சொல்லும், க்னூகேஷ் டெபிட்னு சொல்லும். ரெண்டும் சரிதான், ஏன்னா பேங்க் எழுதுறது பேங்க்கோட கணக்கு, நாம எழுதுறது நம்ம கணக்கு. ஆனா புதுசா படிக்கிறவங்களுக்குத் தலை சுத்தும்.

இப்போ இல்லாத வசதிகளுக்கு வருவோம்.

நண்பர்களோட செலவைப் பங்கு போட இதுல தனி பட்டன் கிடையாது. நாலு பேர் சாப்பிட்டு, நீங்க யுபிஐ-ல 1,200 ரூபாய் கட்டினீங்கன்னு வைங்க. முழுசையும் 'சாப்பாடு'ன்னு எழுதினா அது பொய்க் கணக்கு, ஏன்னா உங்க செலவு 300 மட்டும்தான். அசெட் கணக்குகளுக்குக் கீழ 'வர வேண்டியது'ன்னு ஒண்ணு உருவாக்கி, அதுக்குள்ள ஆளுக்கு ஒரு கணக்கு வைங்க. 'ஸ்ப்ளிட்' அழுத்தி, சாப்பாட்டுக்கு 300, மூணு பேருக்கும் தலா 300 போடுங்க. அவங்க திருப்பித் தரும்போது அதை வருமானமா எழுதாதீங்க. அந்த ஆளோட கணக்குல இருந்து பேங்க்குக்கு மாத்துங்க. கணக்கு வகை சாதாரண 'அசெட்'டா இருக்கட்டும். 'அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள்' வகை இன்வாய்ஸ் போடுற வியாபாரத்துக்கானது.

ஹாஸ்டல்ல கட்டின, திரும்பக் கிடைக்கிற காஷன் டெபாசிட்டும் இப்படித்தான். செலவுன்னு எழுதினா மறந்தே போயிடும். அசெட்டா வச்சா, ஃபைனல் இயர்ல கண்ணு முன்னாடி நிக்கும்.

அடுத்து கல்விக் கடன். கடன் கணக்குக்கு வட்டியை க்னூகேஷ் தானா ஏத்தாது. படிக்கிற காலத்துல பொதுவா தனிவட்டி ஏறிக்கிட்டே இருக்கும். இதுவரை வாங்கினது 3 லட்சம், வட்டி 9% என்றால், வருஷத்துக்கு 27,000, மாசத்துக்கு 2,250. லயபிலிட்டில கடனுக்குக் கீழ 'சேர்ந்த வட்டி'ன்னு தனிக் கணக்கு வைங்க. அப்பத்தான் அசல் கலங்காம நிக்கும். ஆக்‌ஷன்ஸ் மெனுல ஷெட்யூல்டு ட்ரான்சாக்‌ஷனா இதை மாசாமாசம் பதிவாகிற மாதிரி வைங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் வரும்போது ஒத்துப் பார்த்துத் திருத்துங்க. வேலைக்குப் போய் முதல் இஎம்ஐ கட்டும்போது தொகையைப் பார்த்து அதிர்ச்சி ஆக மாட்டீங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. பதிவு பண்ணி முடிச்சதுக்கு 'அன்டூ' கிடையாது. ஆனா ஒவ்வொரு சேவ்லயும் பழைய ஃபைல், தேதி நேரத்தோட அதே ஃபோல்டர்ல நிக்கும். குப்பைன்னு அழிச்சிடாதீங்க. தப்பானா அதைத் திறந்து மீட்கலாம். வழக்கமா 30 நாள் வரை வச்சிருக்கும், அந்த எண்ணை ப்ரிஃபரன்சஸ்ல கூட்டிக்கலாம்.

இருப்பு ஒத்து வரலைன்னா 'இதர செலவு'ன்னு ஒரு தொகையைப் போட்டு மூடுறது சுலபம்தான். ஆனா அங்கதான் கணக்கு செத்துப்போகுது. புதுசா ஒரு கணக்கு உருவாக்க அரை நிமிஷம் போதும். இந்த வாரம் 'வர வேண்டியது' கணக்கை மட்டும் தொடங்கிப் பாருங்க, யார்கிட்ட எவ்வளவு நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.