கிடைக்குட்டிகளுக்கு மடக்கும் மூங்கிற்கூடு

காரியாபட்டி வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் அறுவடைக்குப்பின் ஆட்டுக்கிடை அமர்த்துதல் நெடுநாளைய வழக்கம். எரு நிலமெங்கும் சமமாய் விழவேண்டுமாயின் கிடை இடம் மாறிக்கொண்டேயிருத்தல் அவசியம். ஆதலின் குட்டிகளுக்கு நிலையான கொட்டகை உதவாது. அன்றியும், கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசலில் ஊன்றிய கால் நெடுநாள் நேர்நில்லாது. கிடைக்காரரின் குடாப்போ சில குட்டிகளுக்கே போதும்.

ஜெர்மனி தேசத்து மன்ஹைம் நகரில் 1975-ம் வருஷத்துத் தோட்டக்கலைக் கண்காட்சிக்கென பிரை ஓட்டோ என்னும் கட்டிட நிபுணர் அமைத்த மண்டபம் இதற்கு வழிகாட்டும். 2 அங்குலச் சதுரமான மரச்சட்டங்கள் கட்டங்கட்டமாக இணைக்கப்பட்டு, மரையாணிகள் தளர்ந்திருக்கையிலேயே மேலே உயர்த்தப்பட்டன. உயருந்தோறும் சதுரங்கள் சாய்சதுரங்களாயின. உருவம் அமைந்தபின்னரே ஆணிகள் இறுக்கப்பட்டன. மூலைவாட்டிலும் கம்பிவடங்கள் இழுக்கப்பட்டன.

கூட்டிற்கும் முறை அதுவே. 12 அடி நீளமும் 1 அங்குல அகலமுமுள்ள மூங்கில் வரிச்சுகளை நெடுக்கில் 13, குறுக்கில் 13, அடிக்கு ஒன்றாகப் பரப்பி, சந்திகளைப் பனைநாரால் தளர்வாகக் கட்டவேண்டும். துளையிட்டால் மூங்கில் பிளக்கும். மூங்கிலின் தோற்புறம் மேல்நோக்கியிருத்தல் வேண்டும். அப்படியாயின் வரிச்சு ஒடியாமல் வளையும். நால்வர் விளிம்பை உள்நோக்கித் தள்ள, ஒருவர் கவைக்கோலால் நடுவைத் தூக்கவேண்டும். நடுவரிச்சின் முனைகள் 10 அடிக்கு ஒடுங்கும்போது உயரம் ஏறக்குறைய 2¾ அடியாகும். குட்டிகளுக்கு அதுவே தாராளம்.

புதிதாய்ச் செய்பவர் தவறுவது இதற்குமேல்தான். கூடு எழுந்தவுடன் வேலை தீர்ந்ததென எண்ணுவர். மடங்க உதவும் தளர்வே அதனை ஒருபுறமாகச் சரியவும் வைக்கும். 169 சந்திகளையும் நாள்தோறும் இறுக்குதல் ஆகாத காரியம். வரிச்சு முனைகளை முளைகளிற் கட்டி, மூலைவாட்டில் கயிறுகளை இருபுறமும் விறைப்பாக இழுத்துக் கட்டினால் போதும். கட்டும்வரை ஒரு குட்டியையும் உள்ளே விடலாகாது. மன்ஹைமில் நீர் நிரப்பிய குப்பைத்தொட்டிகளைத் தொங்கவிட்டுப் பலம் பார்த்தனர். இங்கே சிறு மணல்மூட்டைகளைச் சந்திகளில் தொங்கவிட்டு ஓரிரவு கவனித்தல் நலம்.

ஆனி, ஆடி மேல்காற்றுக்கு இக்கூட்டின் லேசே கேடு. ஓலை வேய்ந்தபின் காற்று அடிப்புறம் புகுந்து தூக்கும். மேற்குப்புறத்து முளைகளை நெருக்கமாய் அடித்து, வெடிப்பில் முளை பிடியாவிடின் கற்களைக் கயிற்றிற்கட்டி விளிம்பில் தொங்கவிடவேண்டும்.

இடம் மாற்றுங்கால் ஓலையையும் மூலைக்கயிறுகளையும் நீக்கி எதிரெதிர் மூலைகளை இழுத்தால், கூடு சற்றேறக்குறைய 24 அடி நீளக் கட்டாக ஒடுங்கும். வண்டிக்கு அது மிகுநீளம். இருவர் தோளிற் சுமப்பதே எளிது.