விளக்கேற்றும் முன் உணவு: பணிக்குச் செல்லும் பெற்றோரின் இல்ல ஒழுங்கு

கார்த்திகைத் திங்களின் முதல் வாரத்தில் சென்னையில் கதிரவன் மாலை 5.39 மணியளவில் மறைகின்றான். அந்நேரத்தில் பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் நின்று நோக்குவோர்க்கு நம்மவர் இல்லறத்தின் இன்றைய இடர்ப்பாடு ஒருங்கே புலப்படும். சென்ட்ரலிலிருந்து வரும் புறநகர் மின்தொடர் வண்டிகள் ஒரு கிளையாக வியாசர்பாடி, பெரம்பூர் நோக்கியும், மற்றொரு கிளையாகக் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் நோக்கியும் பிரிவது இங்கேதான். பணி முடித்த மக்கள் அவற்றில் நெருக்குண்டு நின்று வீடு திரும்புகின்றனர். அவர்களுள் ஒரு சமணக் குடும்பத்தின் தந்தையோ தாயோ இருப்பாராயின், அவர் வீட்டுப் படியேறும்போது பொழுது சாய்ந்து அரைமணிக்கு மேல் ஆகியிருக்கும். ஒன்று, அன்றிரவு அவர் பட்டினி. அன்றேல், விரதம் தவறிய மனக்குறையோடு உண்ணும் உணவு. இவ்விரண்டிற்கும் இடையே வேறு வழி உண்டா என்பதே இப்பாடத்தில் நாம் எண்ணிப் பார்க்கும் பொருள்.

நம் சிற்றூர்களில் இவ்விடர் பெரிதாக எழவில்லை. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்து ஊர்களில் நிலத்தோடு வாழ்ந்த நம் முன்னோர்க்கு வேலை தொடங்குவதும் முடிவதும் கதிரவனைக் கொண்டே அமைந்தன. மாடுகளைக் கொட்டிலில் கட்டியவுடன் உணவு. உணவு முடிந்தபின் விளக்கு. வேலையும் விரதமும் ஒரே கதிரவனை நோக்கியிருந்தமையால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை.

வடசென்னையிலோ பொழுதை ஆண்டது ஆலைச் சங்கு. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்படும்வரை அதன் சங்கொலியைக் கேட்டே பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு மூட்டினர். இரவைப் பகலாக்கிய மின்சாரமும் இவ்விடத்துப் பிள்ளையே. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைக்கு மின்னொளி வழங்கிய அனல் மின் நிலையம் பேசின் பிரிட்ஜில் இருந்தது. 1996இல் 120 மெகாவாட் திறனுடைய வாயுச் சுழலி நிலையமும் இங்கே அமைந்தது. முறைப்பணி, இரவுப்பணி எல்லாம் அவ்வொளியின் வழி வந்தவை. இரயிலின் கடிகாரமும் அப்படியே. 1856 ஜூலை 1இல் தென்னகத்தின் முதல் பயணிகள் வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. சென்னை வானாய்வு நிலையம் கணித்த நேரமே பின்னர் நெடுநாள் இந்திய இரயில்வேக்களின் நேரமாக விளங்கிற்று. 1906இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது நம் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே நகர்ந்தன. கடிகாரத்தைப் பார்த்து அலுவலகம் விட்டு, கதிரவனைப் பார்த்து உண்ணும் நம்மவர்க்கு அன்று 9 நிமிடம் இலாபமாயிற்று என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு!

இனி நம் இல்லத்தில் நேர்ந்த தவற்றைச் சொல்வது கடமை. பிறர்க்குப் பாடம் உரைக்கப் புகுவோர் தம் வீட்டுக் கதவை மூடி வைத்துக்கொள்ளலாகாது.

நாமும் நம் மனைவியாரும் பணிக்குச் செல்வோர். அவர் ஆசிரியை, மாலை 4.30க்கு வீடு வருவார். நாம் பாரிமுனைப் பக்கம் பணிபுரிந்தோம், 5.45க்கு முன் இருக்கையை விட்டு எழ இயலாது. வீட்டில் நம் தாயாரும் குழந்தைகள் இருவரும். அவர் பள்ளியிலிருந்து வந்த கால்களோடு அடுக்களை புகுந்து, 5.15க்குள் சமைத்து, பிள்ளைகளுக்கும் ஆயாவுக்கும் பரிமாறுவார். தாம் மட்டும் உண்ணார்; நமக்காகக் காத்திருப்பார். நாம் வருமுன் பொழுது மறைந்துவிடும். இருவரும் நீர் பருகிப் படுப்போம். வெயில் நாள்களில் எப்படியோ ஒப்பேறிற்று. புரட்டாசி நடுவிலிருந்து மார்கழி முடிய மூன்றரைத் திங்கள், கதிரவன் 6 மணிக்கு முன்னரே மறையும் பருவம். அம்மூன்றரைத் திங்களும் அவர் நாளொன்றுக்கு ஒருவேளை உணவே உண்டார். ஒரு கார்த்திகையில் பள்ளிப் படிக்கட்டில் மயங்கி அமர்ந்துவிட்டார். இரத்தம் மிகக் குறைந்திருப்பதாக மருத்துவர் உரைத்தார்.

அன்றிரவு நம் மகள், அப்போது அவளுக்கு 9 வயது, ஆயாவிடம் சொன்னதை நாம் கேட்டோம். “அப்பா வண்டி லேட்டானா அம்மா ஏன் ஆயா பட்டினி கிடக்கணும்? நான் பெரியவளானா எனக்கு இந்த விரதம் வேணாம்.”

நம் தாயார் மறுமொழி கூறவில்லை. நம்மாலும் கூற இயலவில்லை. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரும் வருந்தலாகாது என்று மேற்கொண்ட ஒழுக்கம், கண்ணெதிரே நடமாடும் ஓருயிரை வருத்திக்கொண்டிருந்தது. நாமோ அதனைத் தவம் என்று கணக்கெழுதிக்கொண்டிருந்தோம். குறை விரதத்தில் இல்லை. அதன் சுமை முழுவதும் ஒருவர் தோள்மேல் ஏறியிருந்ததே குறை.

அடுத்த ஞாயிறன்று ஐவரும் அமர்ந்து பேசினோம். முதலில் தீர்மானித்தது, எல்லாரும் கூடியுண்ணும் வேளை இனி மாலையன்று, காலையே என்பதாகும். குடும்பம் ஒன்றாக அமர்வது இராச் சாப்பாட்டில்தான் என்பது நகரத்தார் வழக்கம். நமக்கு அது பொருந்தாது. எழுந்த பின்னும் மறையும் முன்னும் 2 நாழிகை, அஃதாவது 48 நிமிடம், விட்டு உண்பதே மேலான முறை என்பர் பெரியோர். கார்த்திகையில் கதிரவன் 6.10 அளவில் எழுவதால் 7 மணிக்கு மேல் அமரலாம். தைத் திங்களின் முற்பாதியில் 6.35 அளவிலேயே எழுவான், அப்போது 7.25. கஞ்சியோ சிற்றுண்டியோ அன்றி, சோறு, குழம்பு, பொரியல் என முழு உணவையே காலையில் கொண்டோம். தொடக்கத்தில் பிள்ளைகள் முகம் சுளித்தனர். ஒரு திங்களில் பழகிற்று.

இரண்டாவது, மாலை உணவுக்கு எவரும் எவர்க்காகவும் காத்திருத்தல் கூடாது. நாம் கேரியரில் இரண்டு அடுக்கு எடுத்துச் சென்று, ஒன்றை நண்பகலிலும் மற்றதை 4.50க்கும் அலுவலகத்திலேயே உண்ணத் தொடங்கினோம். பிறர் தேநீர் அருந்தும் வேளையில் நாம் சப்பாத்தி உண்பது முதல் வாரம் நகைப்புக்கு இடமாயிற்று. பிறகு எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் நாம் மறந்து எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கை நண்பர் இசுலாமியர், நோன்புக்கு நேரம் பார்ப்பவர், “சார், உங்க நேரம் ஆச்சே” என்று நினைவூட்டினார்.

அடுக்களை வேலையில்தான் நுணுக்கம் மிகுதி. பணிக்குச் செல்லும் மகளிர்க்கு இக்காலத்தில் பலரும் கூறும் அறிவுரை, ஞாயிறன்று வாரம் முழுமைக்கும் குழம்பு வைத்துக் குளிர்பெட்டியில் அடுக்குக என்பது. நேற்றைய குழம்பை இன்று உண்ணாத நம் வீடுகளில் அது செல்லாது. ஆயின் நம் முன்னோர் வகுத்த காலவரையிலேயே வேறொரு வாய்ப்பு உளது. அரைத்த மாவுக்கும் பொடிக்கும் மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள் என்று அவர்கள் வரையறுத்துள்ளனர். எனவே நாள்தோறும் அரைக்கும் வேலை இல்லை. கோதுமை மாவு, பருப்புப் பொடி, மிளகுப் பொடி ஆகியவற்றைப் பனிக்காலத்தில் வாரம் ஒரு முறையும், மழைக்காலத்தில் இருமுறையும் மூன்றுமுறையுமாகச் சிறுசிறு அளவில் அரைத்துக்கொள்கிறோம். டப்பாவின்மேல் அரைத்த நாளைச் சுண்ணக்கட்டியால் எழுதுவது நம் இளைய மகனின் வேலை. அதில் அவன் காட்டும் கண்டிப்பு நம்மையே நடுங்க வைக்கும்.

காய்களிலும் இவ்வாறே. கீரையும் பூக்கோசும் புழு பார்த்து ஆய நெடுநேரம் கொள்பவை. அவற்றை விடுமுறை நாளுக்கு ஒதுக்கினோம். வேலைநாளில் சுரை, புடல், பூசணி, வாழைக்காய், வெள்ளரி. கிழங்கு வகைகளை முன்னமே நீக்கியிருப்பதால் பட்டியல் சிறிது. சிறிதாயிருப்பதே காலையில் நன்மை, என்ன சமைப்பது என்று திகைத்து நிற்கும் 10 நிமிடம் மிச்சம். இரவில் காய் நறுக்கி வைப்பதில்லை. விளக்கொளியில் சிறுபுழு கண்ணுக்குத் தப்பும்.

நீர் நம் பொறுப்பாயிற்று. முன்பு அதுவும் மனைவியாரின் வேலை. குழாயில் வந்தாலும், அடிபம்பில் இறைத்தாலும், லாரியில் பிடித்தாலும் இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டியே குடத்தில் ஊற்ற வேண்டும். வடிகட்டிய நீருக்கு 48 நிமிடமே காலவரை. கொதிக்க வைத்தால் 24 மணி நேரம். ஆகவே காலை 5.30க்கு எழுந்து ஒரு நாளைக்கு வேண்டியதை வடித்துக் கொதிக்க வைத்துவிடுகிறோம். 2019ஆம் ஆண்டு வறட்சியில் லாரிக்குக் குடத்தோடு தெருவில் நின்றதும் நாமே. மனைவியார் அந்நேரத்தில் சமைத்து முடித்தார். இவ்வளவு எளிய பங்கீட்டை முன்பே செய்யாதது ஏன் என்று கேட்டால், நமக்கு அது தோன்றவேயில்லை என்பதே உண்மையான விடை.

முறைப்பணி செய்யும் அன்பர்களின் நிலை இன்னும் கடினம். காலை 6 முதல் 2 வரை பணி உள்ளவர்க்கு இடரில்லை. 2 முதல் 10 வரை உள்ளவர் என் செய்வது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது, நடுவே அரைமணியேனும் ஓய்வு வேண்டும் என்று விதித்தது. 2 மணிக்குத் தொடங்கும் முறையில் அவ்வோய்வு 7 மணிக்குள் எப்போதேனும் வரும். அதனை 5 மணி அளவில் அமைத்துக்கொள்ள மேற்பார்வையாளரையோ உடன் பணிபுரிவோரையோ கேட்கலாம். கேட்கக் கூச்சப்பட்டே பலர் ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்கின்றனர். இரவு 10 முதல் காலை 6 வரை பணியுள்ளவர் பகலில் உறங்கும்போது வீட்டார் அவரை 4 மணிக்கு எழுப்பி உண்ணச் செய்தல் வேண்டும். உறக்கம் கெடுகிறதே என்று விட்டுவிட்டால் நள்ளிரவில் சிற்றுண்டிச் சாலையே துணையாகும்.

பொழுது சாய்ந்தபின் என்ன நிகழ்கிறது என்பதுதான் நாம் எதிர்பாராதது. அயல் வீடுகளில் 8 மணிக்குக் குக்கர் கூவும், 9.30க்குப் பாத்திரம் துலக்கும் ஓசை கேட்கும். நம் அடுக்களையோ 5.30க்கே துடைத்து மூடப்படுகிறது. பாத்திரங்களை மகன் துலக்க, மகள் துடைத்து அடுக்குவாள். 6.30 முதல் 7.15 வரை ஆயாவோடு சாமாயிகம். பிள்ளைகள் இயன்றவரை அமர்வர், மகன் பாதியில் நெளிவான். பிறகு 10 மணி வரை எவர்க்கும் அடுக்களை வேலை இல்லை. பாடம் கேட்கவும், பள்ளியில் நடந்த சண்டையை விசாரிக்கவும், சும்மா அமர்ந்திருக்கவும் இரண்டே முக்கால் மணி நேரம். அந்நேரத்தை விடைத்தாள் திருத்துவதற்கு மனைவியார் முதலில் ஒதுக்கினார். பிறகு அதில் பாதியைத் தமக்கென வைத்துக்கொண்டு, கைவிட்டிருந்த வீணைப் பயிற்சியை மீண்டும் தொடங்கினார்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். தனிப்பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் 5 மணிக்கே தொடங்குகின்றன. வகுப்புக்கு முன் உணவு, பின் இல்லை என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, 5.30க்கு நேரம் மாற்றக் கேட்டோம். ஒருவர் இசைந்தார், ஒருவர் இசையவில்லை. இசையாதவரிடம் அனுப்பும் நாளில் பள்ளி வாயிலிலேயே டிபன் பாக்ஸோடு ஆயா நிற்பார். வளரும் பிள்ளை இரவு 9 மணிக்குப் பசிக்கிறது என்றால் அடித்து விரதம் காக்கச் செய்தல் நெறியன்று. உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்னும் நால்வகை உணவுள் முதலில் சோறு முதலான தானிய உணவை மட்டும் இரவில் விடச் செய்து, பாலும் பழமும் கொடுத்து, மற்றவற்றை அவர்தம் விருப்பத்துக்கும் வயதுக்கும் விடுவதே நாம் கைக்கொண்ட வழி. அணுவிரதம் என்ற பெயரிலேயே அளவு அடங்கியுள்ளது.

மின்விளக்கு இருக்கும்போது இரவில் உண்டால் என்ன என்று மகன் ஒருநாள் வினவினான். கார்த்திகை மழைக்குப் பின் ஒரு மாலை, சமையலறை விளக்கின் கீழ் வெள்ளைத் தட்டொன்றை அரைமணி வைத்து, அதில் விழுந்திருந்த ஈசல்களை எண்ணச் சொன்னோம். 20 வரை எண்ணிவிட்டு, தட்டை வெளியே எடுத்துச்சென்று மெல்லத் தட்டிவிட்டு வந்தான்.

அடுப்பருகே சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் வாரந்தோறும் கதிரவன் மறையும் நேரமும், அதற்கு 48 நிமிடம் முந்திய நேரமும் எழுதப்பட்டிருக்கும். ஆனிக் கடைசியில் 6.39க்கு 5.51, கார்த்திகைத் தொடக்கத்தில் 5.39க்கு 4.51. தினக் காலண்டரைப் பார்த்து ஆண்டுதோறும் நாமே எழுதி வந்தோம். இவ்வாண்டு மகள் எழுதினாள். இப்போது கல்லூரியில் பயில்கிறாள், இரவில் சோறு உண்பதில்லை, தேர்வுக் காலத்தில் பால் பருகுகிறாள். ஐப்பசி முழுமைக்கும் அவள் ஒரே நேரத்தைக் குறித்திருந்தாள். ஆயா கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் 8 நிமிடம் வேறுபாடு உண்டென்று சொல்லி, அவ்வரிகளை மட்டும் திருத்தி எழுதச் செய்தார்.