பழுதறிந்து பணி செய்க

மோட்டார் வண்டியின் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்குவதில்லை. நின்றிருக்கும் எஞ்சினை முதலில் வேறொரு விசை சுழற்றிவிடல் வேண்டும். முற்காலத்தில் ஓட்டுநர் வண்டியின் முன்னே நின்று, வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிக் கையாற் சுழற்றுவர். சில வேளைகளில் எஞ்சின் எதிர்ப்புறமாக உதைக்கும். கைப்பிடி விரைந்து திரும்பி மணிக்கட்டை முறித்துவிடும். இத்துன்பத்தை நீக்க வழிகண்டவர், அமெரிக்க நாட்டு டேட்டன் நகரிற் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங் என்பவர். அவர் அமைத்த மின்சாரத் தொடக்கி 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. சில நொடிகளே உழைக்க வேண்டிய மோட்டார் சிறியதாயினும், அச்சிறு பொழுதில் மிகுந்த மின்சாரத்தைத் தாங்கிப் பேராற்றல் தரும் என்பதே அவர் கண்ட நுட்பம்.

இதனை நம் பணிமனைகளில் ‘செல்ஃப் மோட்டார்’ என்பர். சாவியைத் திருப்பியதும் பாட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் அதனுட் பாய்கிறது. அதன் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் முன்னே நகர்ந்து, எஞ்சினோடு இணைந்த பெரிய சக்கரத்தின் பற்களைக் கவ்விச் சுழற்றுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அது பின்வாங்கிக்கொள்கிறது.

இதனைப் பற்றி நான் அறிந்தது ஏட்டினால் அன்று. ஒருநாட் பட்ட பாட்டினால்.

அன்று காலை எங்கள் பழைய வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்னும் ஓசை மட்டும் எழுந்தது. நானோ இத்தொழிலிற் சிறிதும் பயிற்சி இல்லாதவன். ஆயினும், ‘செல்ஃப் மோட்டார் கெட்டுவிட்டது’ என்று நானே முடிவு செய்து, புதியதொன்று வாங்கி வந்து, ஸ்பேனரும் கையுமாக வண்டியை அணுகினேன். எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் மெல்ல எழுந்து வந்தார்.

“தம்பி, மோட்டார்தான் கெட்டது என்பதை எவ்வாறு அறிந்தாய்?” என்று கேட்டார்.

“வண்டி கிளம்பவில்லையே, ஐயா!” என்றேன்.

“பாட்டரி சோர்ந்தாலும் கிளம்பாது, கம்பியின் முனை துருவேறினாலும் கிளம்பாது. முதலிற் காரணத்தைக் காண்போம்” என்றார் அவர்.

முன் விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்குகள் மங்கியிருந்தால் குறை பாட்டரியிலோ இணைப்பிலோ இருத்தல் கூடும், அவை மங்கவில்லை. பாட்டரியை அளந்தபோது வோல்ட்டுமானி 12.6 காட்டியது. பின்னர், கியரை நடுநிலையில் நிறுத்தி நான் சாவியைத் திருப்ப, அவர் மோட்டாருக்குச் செல்லும் முனையையும் அளந்தார். அங்கும் மின்சாரம் தவறாது வந்தது. “குறை மோட்டாரில்தான்” என்றார். என் முடிவு சரியாயிற்று. எனினும், அது குருட்டு வெற்றியே என்பதை உணர்ந்து நாணினேன்.

அடுத்து, பாட்டரியின் நேர்முனையைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன். உடனே அவர் என் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினார். “எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது. இந்த ஸ்பேனர் தவறி உடலைத் தொட்டால் மின்சுற்று முடிந்துவிடும், தீப்பொறி பறக்கும், பாட்டரி வெடிக்கவும் கூடும். கழற்றும்போது எதிர்முனை முதலில்; பூட்டும்போது அது இறுதியில்” என்றார். என் உடல் சிலிர்த்தது.

எஞ்சின் நன்கு ஆறியிருந்தது. சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் வண்டியை உயர்த்தினோம். ஜாக்கி நழுவினால் உயிருக்கே இறுதி ஆதலின், உறுதியான தாங்கிகளை அடியில் நிறுத்திய பின்னரே என்னை உள்ளே புகவிட்டார். கம்பிகள் மாறிவிடாதபடி அடையாளம் இட்டுக் கழற்றினேன். ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொண்டு போல்ட்டுகளை நீக்கினேன். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, பற்களின் எண்ணிக்கையும் துளைகளின் இடமும் ஒத்திருத்தலைக் கண்டபின் புதியதைப் பொருத்தி இறுக்கினேன். வண்டியைக் கீழிறக்கி, இறுதியாக எதிர்முனையைப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் முழங்கிற்று! என் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை.

முதியவரோ பழைய மோட்டாரைத் திண்ணைக்கு எடுத்துச் சென்று பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் ஊட்டும் கரித்துண்டுகள் முற்றும் தேய்ந்திருந்தன. மற்றவை யாவும் நன்றாகவே இருந்தன.

“தம்பி, சிறு பொருட்செலவில் இது உயிர்பெற்றிருக்கும். நீ மோட்டாரை மாற்றக் கற்றுவிட்டாய்; பழுதை அடிவரை நாடக் கற்பது இன்னும் எஞ்சியிருக்கிறது” என்று கூறி அவர் புன்னகை புரிந்தார்.

மறுநாள் அவர் அருகில் அமர்ந்து புதிய கரித்துண்டுகளைப் பொருத்தினேன். பழைய மோட்டார் சுழன்றது. அது இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எதிலேனும் அவசரப்பட்டுக் கைவைக்க எண்ணும்போதெல்லாம் அதனைப் பார்த்துக்கொள்கிறேன்.

மாணவர்களே! தன் கையால் ஒரு வேலையைச் செய்து முடித்தல் பெருமைக்குரியது. ஆயினும், காரணத்தை ஆராயும் பொறுமையும், தீங்கை முன்னறிந்து காக்கும் விழிப்பும், அறிந்தவரிடம் கேட்டுத் தெளியும் பணிவும் அக்கையோடு சேர்ந்திருத்தல் வேண்டும்.